வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு மேசையிலிருந்து கார்த்திகைக் கொத்தின் தொலைவை அளப்பது: கையா தரவுக்கு முழுமையான வழிகாட்டி

சிங்கப்பூரில் வானியல் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வரும் பதில், "இங்கேதான் நட்சத்திரமே தெரியாதே" என்பது. அது பொய்யில்லை. 2016இல் வெளியான உலக ஒளி மாசு வரைபடம், நாட்டு மக்கள் அனைவரும் மிகப் பிரகாசமான இரவு வானத்தின் கீழ் வாழும் இடம் என்று சிங்கப்பூரை முதலிடத்தில் வைத்தது. போதாததற்கு, கார்த்திகை விண்மீன் கொத்து (பிளையடீஸ்) மாலையில் நன்றாக உயரும் நவம்பர், டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை. கார்த்திகை தீபத்தன்று பார்க்கலாம் என்றால் முழுநிலா அதன் பக்கத்திலேயே நின்று மங்கடித்துவிடும்.

ஆனால் விண்மீன்களையும் விண்மீன் மண்டலங்களையும் (கேலக்சிகளையும்) பற்றிய இன்றைய ஆய்வில் பெரும்பகுதி தரவுக் காப்பகங்களில்தான் நடக்கிறது. அங்கே மேகமும் இல்லை, தெருவிளக்கும் இல்லை. இந்த வழிகாட்டி தொடக்கக்கல்லூரி, பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்களுக்கும், பைத்தான் கொஞ்சம் தெரிந்த ஆர்வலர்களுக்கும். விண்மீன்களின் இடத்தையும் நகர்வையும் அளந்த கையா செயற்கைக்கோளின் தரவுதான் நம் மூலப்பொருள். 8 ஜிபி நினைவகமுள்ள மடிக்கணினி போதும். வேலை முடியும்போது உங்கள் கையில் இரண்டு பொருள்கள் இருக்க வேண்டும்: கார்த்திகைக் கொத்தின் உறுப்பினர் பட்டியல், நாணயமான பிழை அளவோடு அதன் தொலைவு.

எண்ணைக் கண்டுபிடிப்பது எளிது. அரைமணி நேர வேலை. தரவை எங்கெங்கே வடிகட்டுகிறீர்களோ அங்கெல்லாம் விடை சற்று நகரும். எவ்வளவு நகர்ந்தது என்று சொல்லத் தெரிந்தால்தான் அது ஆய்வு. ஆகவே கீழே வடிகட்டல் பற்றியே அதிகம் பேசியிருக்கிறோம்.

ஏன் கார்த்திகை?

விண்மீன்களுக்குப் புள்ளியியலை முதலில் பயன்படுத்தியதே இந்தக் கொத்தின் மீதுதான். 1767இல் ஜான் மிட்செல் என்ற ஆங்கிலேயர், அதே அளவு பொலிவுள்ள சுமார் 1500 விண்மீன்கள் வானில் தற்செயலாகச் சிதறிக் கிடந்தால் கார்த்திகையின் ஆறும் இவ்வளவு நெருக்கமாக விழ வாய்ப்பு எவ்வளவு என்று கணக்கிட்டார். ஏறக்குறைய 5 இலட்சத்தில் ஒன்று என்று விடை வந்தது. எனவே அவை உண்மையிலேயே சேர்ந்திருப்பவை என்றார்.

இரண்டாவது காரணம், இந்தக் கொத்தின் தொலைவு பற்றி நடந்த நீண்ட சண்டை. 1997இல் வெளிவந்த ஹிப்பார்க்கோஸ் செயற்கைக்கோள் பட்டியல் சுமார் 118 பார்செக் என்றது (1 பார்செக் என்பது சுமார் 3.26 ஒளியாண்டு). மற்ற முறைகளெல்லாம் 133ஐ ஒட்டி நின்றன. தரவைத் திருத்திய பிறகும் ஹிப்பார்க்கோஸ் விடை 120தான். 2014இல் ரேடியோ தொலைநோக்கிகளை இணைத்து அளந்தபோது 136 வந்தது, பிறகு கையாவும் அதையே உறுதிசெய்தது. சரியான விடை தெரிந்த கணக்கில் பழகுவது நல்லது; எங்கே சறுக்கினோம் என்று உடனே தெரியும்.

படி 1: தரவை இறக்குவது

கையா, ஐரோப்பிய விண்வெளி முகமை 2013 டிசம்பர் 19இல் ஏவிய செயற்கைக்கோள். 2025 ஜனவரியில் அது நோக்குவதை நிறுத்தியது. நமக்குத் தேவையானது 2022 ஜூன் 13இல் வந்த மூன்றாம் வெளியீடு. அதில் சுமார் 180 கோடி வான்பொருள்கள் உள்ளன. காப்பகம் எல்லோருக்கும் இலவசம். கணக்குத் தொடங்காமலும் இறக்கலாம். இணையத்தளத்திலேயே ஏடிகியூஎல் என்ற வினவல் மொழியில் கேட்கலாம். எழுத விருப்பமில்லாதவர்கள் டாப்கேட் என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்தலாம். பைத்தான்காரர்களுக்கு ஆஸ்ட்ரோகுவெரி இருக்கிறது.

வினவலில் கொடுக்க வேண்டியவை:

மையம்: வல ஏற்றம் 56.75 பாகை, நடுவரை விலக்கம் வடக்கு 24.12 பாகை (பூமியில் நெட்டாங்கு, அகலாங்கு போல வானத்தில் இடத்தைக் குறிப்பவை).
ஆரம்: 5 பாகை. 136 பார்செக் தொலைவில் இது ஏறத்தாழ 12 பார்செக். கொத்தின் ஈர்ப்புப் பிடி அந்த எல்லையை ஒட்டித்தான் முடிகிறது.
ஜி பொலிவெண் (கையாவின் அகன்ற ஒளிப்பட்டையில் அளந்த பிரகாசம்; எண் கூடினால் மங்கல்): 18க்குக் கீழ்.
பாரலாக்ஸ்: 5 முதல் 10 மில்லி ஆர்க்செகண்டு (ஒரு பாகையின் 36 இலட்சத்தில் ஒரு பங்கு) வரை, அதாவது 100 முதல் 200 பார்செக்.
பத்திகள்: அடையாள எண், இடம், பாரலாக்ஸும் அதன் பிழையும், இரு திசைகளிலும் சொந்த நகர்வும் (விண்மீன் வானத்தில் வருடத்திற்கு நகரும் கோணம்) அவற்றின் பிழைகளும், ஜி, நீலம், சிவப்பு ஆகிய மூன்று பொலிவெண்கள், ருவே என்ற தர எண் (படி 3இல் விளக்கம்).

பூமி சூரியனைச் சுற்றும்போது அருகிலுள்ள விண்மீன் பின்னணியை ஒட்டி ஆடுவதுபோல் தோன்றும் கோணமே பாரலாக்ஸ். 1000ஐ மில்லி ஆர்க்செகண்டில் உள்ள பாரலாக்ஸால் வகுத்தால் தொலைவு பார்செக்கில் கிடைக்கும். கார்த்திகைக்கு அது 7.36ஐ ஒட்டி வரும்.

இந்தப் படியில் இரண்டு பொறிகள். ஆஸ்ட்ரோகுவெரியில் வட்டத் தேடலுக்கு இயல்பாகவே 50 வரிசை வரம்பு உண்டு. அதை −1 என்று மாற்றாவிட்டால் மீதி வராது, எச்சரிக்கையும் கண்ணில் படாமல் போகலாம். உடனடி வினவலுக்கு 2000 வரிசை வரம்பு. மேலே சொன்ன நிபந்தனைகளுக்குச் சில ஆயிரம் வரிசைகள் வர வேண்டும். சரியாக 2000 வந்தால் தரவு வெட்டுப்பட்டிருக்கிறது. காத்திருந்து பெறும் வினவலாக மாற்றி அனுப்புங்கள்.

பாரலாக்ஸ் எல்லையை ஏன் இவ்வளவு அகலமாக வைத்தோம்? விடை தெரியும் என்பதால் 7.1 முதல் 7.6 வரை என்று இறுக்கிப்பிடிக்கக் கை துறுதுறுக்கும். அப்படிச் செய்தால் கொத்தின் முன்பக்கமும் பின்பக்கமும் வெட்டுப்பட்டு, நீங்கள் எதிர்பார்த்த எண்ணே விடையாகத் திரும்பி வரும். ஜி 18இல் அளவீட்டுப் பிழை 0.1ஐ ஒட்டித்தான் இருக்கும் என்பதால் 5, 10 ஆகிய எல்லைகள் கொத்தைத் தொடவே தொடா.

படி 2: கணக்கிடும் முன் பார்ப்பது

இரண்டு படங்கள் வரையுங்கள். முதலாவது, கிழக்கு–மேற்கு சொந்த நகர்வு கிடையச்சில், வடக்கு–தெற்கு நகர்வு நெட்டச்சில். வருடத்திற்கு +20, −45 மில்லி ஆர்க்செகண்டு அருகே அடர்ந்த திட்டு ஒன்று தனியாகத் தெரியும். அதுதான் கார்த்திகை. பின்னணி விண்மீன்களில் பெரும்பாலானவை சுழியத்தைச் சுற்றி அகலமாகப் பரவிக் கிடக்கும். இரண்டாவது, பாரலாக்ஸ் ஹிஸ்டோகிராம், 7.4 அருகே ஒரு கூம்பு எழும்.

திட்டு +18 பக்கம் விழுந்தால் ஒரு பழைய தவறைச் செய்திருக்கிறீர்கள். காப்பகத்தில் உள்ள கிழக்கு–மேற்கு நகர்வில் நடுவரை விலக்கத்தின் கொசைன் ஏற்கெனவே பெருக்கப்பட்டிருக்கிறது. மறுபடி பெருக்கினால் 24 பாகையில் 0.913 மடங்காகி, 20 என்பது 18.2 ஆகிவிடும்.

திட்டின் அகலத்தையும் கவனியுங்கள். இந்தத் தொலைவில் நொடிக்கு 1 கிலோமீட்டர் வேகம் என்பது வருடத்திற்கு 1.55 மில்லி ஆர்க்செகண்டு. கொத்துக்குள் விண்மீன்களின் வேகச் சிதறல் அதைவிடச் சற்றுக் குறைவு. அதோடு, 5 பாகை தள்ளியிருக்கும் விண்மீனுக்கு 'வடக்கு' எந்தப் பக்கம் என்பதே மாறுகிறது. கிழக்கு, மேற்கு விளிம்புகளில் இதனால் மட்டும் சுமார் 2 மில்லி ஆர்க்செகண்டு விலகல் வரும். மையத்திலிருந்து குறுகிய வட்டம் போட்டு உறுப்பினர்களைப் பொறுக்கினால் விளிம்பில் இருப்பவர்கள் காணாமல் போய், கொத்து உண்மையைவிடச் சிறியதாகத் தெரியும். நகர்வுகளைக் கொத்து மையத்தின் தளத்திற்குச் சுழற்றிய பிறகே வடிகட்டுங்கள். ஆஸ்ட்ரோபை என்ற பைத்தான் தொகுப்பில் மையத்தை ஆதியாகக் கொண்ட ஆயக்கட்டகத்துக்கு மாற்றினால் இது தானாக நடந்துவிடும்.

படி 3: தர வடிகட்டி

ருவே என்பது, ஒற்றை விண்மீன் என்று எடுத்துக்கொண்டு கையா பொருத்திய பாதை எவ்வளவு நன்றாகப் பொருந்தியது என்பதைச் சொல்லும் எண். 1ஐ ஒட்டியிருந்தால் நல்லது, 1.4க்கு மேல் போனால் சந்தேகம். பெரும்பாலும் அது இரட்டை விண்மீன்.

தொலைவு கணக்கிட 1.4க்கு மேற்பட்டவற்றை நீக்கலாம். ஆனால் அதே பட்டியலை வைத்து "கொத்தில் எத்தனை இரட்டைகள்?" என்று பிறகு கேட்கக் கூடாது, அவற்றைத்தான் இப்போது எறிந்துவிட்டீர்களே. எனவே எதையும் கோப்பிலிருந்து அழிக்காதீர்கள். ஒவ்வொரு வடிகட்டிக்கும் ஒரு புதிய பத்தி வைத்து 1 அல்லது 0 என்று குறியுங்கள்.

பாரலாக்ஸைப் பிழையால் வகுத்து 10க்கு மேல் இருப்பவற்றை மட்டும் வைத்துக்கொள்வது பரவலான பழக்கம். கார்த்திகைக்கு இதனால் நட்டமில்லை: 7.36இல் பத்தில் ஒரு பங்கு 0.74, ஜி 18 வரை யாருக்கும் அவ்வளவு பிழை கிடையாது. இதையே சுமார் 1.15 மில்லி ஆர்க்செகண்டில் இருக்கும் எம்67 கொத்துக்குப் போட்டால் 0.115க்கு மேல் பிழையுள்ள மங்கல் விண்மீன்கள் எல்லாம் ஒரேயடியாகப் போய்விடும். அது மட்டுமல்ல, எல்லையில் நிற்பவற்றுள் தற்செயலாகப் பாரலாக்ஸ் கூடுதலாக அளக்கப்பட்டவை உள்ளே வரும், குறைவாக அளக்கப்பட்டவை வெளியே போகும். கொத்து சற்று அருகில் இருப்பதாக விடை வரும். இவ்வகைச் சாய்வைப் பற்றி லட்ஸ், கெல்கர் இருவரும் 1973லேயே எழுதிவிட்டார்கள். இன்றும் மாணவர் அறிக்கைகளில் இதுதான் அதிகம் தென்படுகிறது.

படி 4: உறுப்பினரைப் பிரிப்பது

வட்டத்துக்குள் இருந்தால் உறுப்பினர், வெளியே இருந்தால் இல்லை என்பது வேகமான வழி, ஆனால் முரட்டு வழி. 1958இல் வாசிலெவ்ஸ்கிஸ் குழுவும் 1971இல் சாண்டர்ஸும் வகுத்த கலவை முறையே இன்றும் அடிப்படை. காட்சியில் இரண்டு கூட்டங்கள் இருப்பதாக எடுத்துக்கொள்கிறோம்: ஒடுங்கிய கொத்து, அகன்ற பின்னணி. ஒவ்வொரு விண்மீனுக்கும் அது கொத்தைச் சேர்ந்தது என்பதற்கான நிகழ்தகவைக் கணக்கிடுகிறோம்.

வேலை நடக்கும் வரிசை இது. இரு நகர்வுகளும் பாரலாக்ஸும் ஆகிய மூன்று பரிமாணங்களில், கொத்துக்குத் தொடக்க மையமாக 20, −45, 7.4 கொடுங்கள், திட்ட விலக்கம் நகர்வுக்கு 1.5, பாரலாக்ஸுக்கு 0.2. பின்னணிக்கு ஒரே மணிவடிவப் பரவல் (காசியன்) போதாது, இரண்டு வையுங்கள். பிறகு ஒவ்வொரு விண்மீனின் இடத்திலும் கொத்தின் அடர்த்தியை மொத்த அடர்த்தியால் வகுங்கள். அதுதான் உறுப்பினர் நிகழ்தகவு. அந்த நிகழ்தகவுகளையே எடையாகக் கொண்டு மையங்களையும் அகலங்களையும் மறுபடி கணக்கிடுங்கள். எந்த எண்ணும் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் மாறாத வரை இதைத் திரும்பச் செய்ய வேண்டும்.

சைகிட்-லேர்ன் என்ற பைத்தான் தொகுப்பில் இதற்குத் தயாரான கலவை மாதிரி இருக்கிறது. ஆனால் அது ஒவ்வொரு விண்மீனின் தனிப் பிழையையும் கண்டுகொள்ளாது: 0.02 பிழையுள்ள பிரகாசமான விண்மீனும் 0.12 பிழையுள்ள மங்கலானதும் அதற்கு ஒன்றுதான். போவி, ஹாக், ரோவெய்ஸ் மூவரும் 2011இல் வெளியிட்ட முறை பிழைகளையும் கணக்கில் சேர்க்கிறது. ஜி 18 வரை நின்றால் முதலாவது சமாளிக்கும். 20 வரை போவதானால் இரண்டாவதுதான் வழி.

உறுப்பினர் எண்ணிக்கை வேண்டுமானால் 0.5க்கு மேல் இருப்பவற்றை எண்ணாதீர்கள்; எல்லா நிகழ்தகவுகளையும் கூட்டுங்கள். ஆயிரம் அல்லது அதற்குச் சற்று மேல் வர வேண்டும். பட்டியல் வேண்டுமென்றால் 0.9 போன்ற எல்லை வைக்கலாம். அப்போது ஒவ்வொருவரின் நிகழ்தகவையும் 1இலிருந்து கழித்துக் கூட்டினால், பட்டியலில் எத்தனை வெளியாட்கள் கலந்திருக்கலாம் என்ற மதிப்பீடு கிடைக்கும். அந்த எண்ணை அறிக்கையில் போடாதவர்களே அதிகம். போடுங்கள்.

படி 5: வெற்றுத் திட்டில் சோதனை

இதைத் தவிர்க்கவே கூடாது. கொத்து இல்லாத ஓரிடத்தில் அதே ஆரம், அதே வடிகட்டி, அதே மாதிரியைப் போட்டுப் பாருங்கள். அங்கே எத்தனை 'கார்த்திகை உறுப்பினர்கள்' கிடைக்கிறார்களோ, ஏறத்தாழ அத்தனை பேர் உங்கள் பட்டியலிலும் பொய்யர்கள்.

பால்வீதித் தளத்திலிருந்து தள்ளிப் போகப் போக விண்மீன் அடர்த்தி குறையும் என்பதால், சோதனை இடமும் அதே பால்வீதி அகலாங்கில், −23.5 பாகையில், இருக்க வேண்டும். நெட்டாங்கை 166இலிருந்து கூட்டுவதா குறைப்பதா என்பதில் கவனம் வேண்டும். கூட்டி 180 பக்கம் போனால் நேராக ஹையடீஸ் கொத்துக்குள் விழுவீர்கள். ரோகிணிக்கு அருகில் தெரியும் அதே கொத்துதான். அதன் பாரலாக்ஸ் 21ஐ ஒட்டியது என்பதால் நம் எல்லைக்குள் வராது என்றாலும், ஒப்பிட எடுத்த 'வெறும்' இடத்தில் இன்னொரு கொத்து நிற்பது எந்தத் தேர்வாளருக்கும் பிடிக்காது. குறைத்து 150 பக்கம் போங்கள்.

படி 6: தொலைவு

இங்கே நான்கு விஷயங்கள், வரிசை மாறக் கூடாது.

முதலில் சுழியத் திருத்தம். கையாவின் பாரலாக்ஸ்கள் முறையாகவே சற்றுக் குறைவாக இருக்கின்றன. எல்லையற்ற தொலைவில் இருப்பதாகக் கொள்ளத்தக்க குவேசார்களுக்கு (மிகத் தொலைவிலுள்ள மண்டலங்களின் ஒளிரும் மையங்கள்) சுழியம் வர வேண்டிய இடத்தில் −0.017 மில்லி ஆர்க்செகண்டு வந்தது. பிரகாசம், நிறம், வானத்தில் இடம் ஆகியவற்றைப் பொறுத்து இது −0.02 முதல் −0.05 வரைகூடப் போகும். லிண்டெகிரென் குழு வெளியிட்ட திருத்தச் சூத்திரத்துக்குப் பைத்தான் தொகுப்பு உண்டு. அது தரும் எதிர்மறை எண்ணைக் கழிக்க வேண்டும், எனவே பாரலாக்ஸ் கூடும். குறியை மாற்றிப் போட்டால் பிழை இரட்டிக்கும். 0.04 திருத்தம் கார்த்திகையின் தொலைவை 0.7 பார்செக் நகர்த்துகிறது. எம்67க்கோ அது 30 பார்செக்.

இரண்டாவது, தலைகீழாக்குவது கடைசியில்தான். பாரலாக்ஸ் 1.0, பிழை 0.3 உள்ள ஒரு விண்மீனை எடுத்துக்கொள்ளுங்கள். 0.7 என்றால் 1429 பார்செக், 1.3 என்றால் 769. இரண்டின் சராசரி 1099, 1000 அல்ல. ஒவ்வொரு விண்மீனின் தொலைவையும் கணக்கிட்டுச் சராசரி எடுத்தால் கொத்து பின்னுக்குப் போகும். பாரலாக்ஸ்களைச் சராசரியாக்கி, கடைசியில் ஒருமுறை மட்டும் தலைகீழாக்குங்கள்.

மூன்றாவது எடை. பாடப்புத்தகம் பிழையின் வர்க்கத்தால் வகுத்து எடை போடச் சொல்லும். 0.02 பிழையுள்ள விண்மீனுக்கு 0.07 பிழையுள்ளதைவிட 12 மடங்கு எடை கிடைக்கும். ஆனால் கொத்துக்கு ஆழம் இருக்கிறது. 3 பார்செக் முன்னே பின்னே என்றால் பாரலாக்ஸில் 0.16 சிதறல். அளவீட்டுப் பிழையைவிட அது பெரிது. அந்தச் சிதறலின் வர்க்கத்தையும் கூட்டிக்கொண்டு எடை போட்டால் 12 மடங்கு 1.2 மடங்காகிவிடும். இதை விட்டுவிட்டால் விரல்விட்டு எண்ணத்தக்க சில பிரகாசமான விண்மீன்கள் தற்செயலாக எந்தப் பக்கம் நிற்கின்றனவோ, கொத்து முழுவதும் அந்தப் பக்கம் சாயும். கை-வர்க்க மதிப்பு (ஒவ்வொரு விலகலையும் பிழையால் வகுத்து, வர்க்கித்துக் கூட்டிய எண்) உறுப்பினர் எண்ணிக்கையைவிடப் பல மடங்கு வந்தால் இதைத்தான் மறந்திருக்கிறீர்கள்.

நான்காவது பிழை அளவு. 0.16ஐ ஆயிரத்தின் வர்க்கமூலத்தால் வகுத்தால் 0.005 வரும், பூட்ஸ்ட்ராப் (பட்டியலிலிருந்தே மறுபடி மறுபடி மாதிரி எடுத்துக் கணக்கிடுவது) செய்தாலும் அதே அளவுதான். அதை அப்படியே எழுதாதீர்கள். அருகருகே உள்ள விண்மீன்களின் கையா பிழைகள் ஒன்றோடொன்று பிணைந்தவை, சுமார் 0.01 மில்லி ஆர்க்செகண்டுக்குக் கீழே எத்தனை விண்மீன் சேர்த்தாலும் இறங்காது. ஹிப்பார்க்கோஸ் விவகாரத்திலும் சந்தேகம் எழுந்தது இப்படிப் பிணைந்த பிழைகளின் மீதுதான். ஆகவே புள்ளியியல் பிழையையும் முறைசார் பிழையையும் தனித்தனியாக எழுதுங்கள். விடை 134.5க்கும் 137க்கும் இடையில் வரவில்லை என்றால் முதலில் சுழியத் திருத்தத்தின் குறியைப் பாருங்கள்.

படி 7: நிறம்–பொலிவு வரைபடம்

136 பார்செக்குக்குத் தொலைவுக் குறியீடு (தோன்றும் பொலிவெண்ணுக்கும், 10 பார்செக்கில் வைத்தால் தெரியும் தனிப்பொலிவெண்ணுக்கும் உள்ள வேறுபாடு) 5.67. ஜி பொலிவெண்ணிலிருந்து அதைக் கழித்து நெட்டச்சிலும், நீலம் கழித்தல் சிவப்பைக் கிடையச்சிலும் வையுங்கள். ஒரு மெல்லிய கோடு தெரியும், அதற்கு இணையாக 0.75 பொலிவெண் மேலே இன்னொரு மங்கிய கோடு. மேலே இருப்பது சம நிறையுள்ள இரட்டைகள்; இரண்டு விளக்கின் வெளிச்சம் ஒன்றாகத் தெரிகிறது. நம் சூரியனை அங்கே கொண்டுபோய் வைத்தால் ஜி 10.3 அளவில்தான் தெரியும்.

கோட்டின் கீழ்முனை இடப்பக்கம், அதாவது நீலப்பக்கம், வளைந்தால் அது இயற்பியல் அல்ல. மங்கலான சிவப்பு விண்மீன்களின் நீல ஒளியைக் கையா கூடுதலாக அளக்கிறது. நீலத்தை விட்டுவிட்டு ஜி கழித்தல் சிவப்பைப் பயன்படுத்துங்கள், கோடு நேராகும்.

இதே கருவிகளோடு விண்மீன் மண்டலங்களுக்கு

மண்டலங்களுக்குப் பாரலாக்ஸ் கிடையாது, செம்பெயர்ச்சிதான் (விலகிச் செல்லும் மண்டலத்தின் ஒளி சிவப்புப் பக்கம் நகரும் அளவு) அளவுகோல். ஆனால் வடிகட்டல் தொல்லை அப்படியே தொடர்கிறது, இன்னும் பெரிதாக. ஸ்லோன் வானளவையின் முதன்மை மண்டலப் பட்டியல் 17.77 பொலிவெண் வரை எடுத்தது. தனிப்பொலிவெண் −21 உள்ள மண்டலம் அந்த எல்லையில் சுமார் 567 மெகாபார்செக் வரை தெரியும். −18 உள்ளது 143 வரைதான். தொலைவில் 4 மடங்கு, கனஅளவில் 63 மடங்கு. பட்டியலை அப்படியே எண்ணினால் பிரபஞ்சம் முழுக்கப் பெரிய மண்டலங்களே நிறைந்திருப்பதாகத் தோன்றும். இதுவே மால்ம்குவிஸ்ட் சாய்வு. மார்ட்டன் ஷ்மிட் 1968இல் காட்டிய வழி எளிது: ஒவ்வொரு மண்டலத்தையும் அது தெரிந்திருக்கக்கூடிய அதிகபட்சக் கனஅளவால் வகுத்து எண்ணுங்கள்.

எக்ஸ்-கதிரிலோ ரேடியோவிலோ தேடிக் கிடைக்காத மண்டலங்களுக்கு 'இதற்குக் கீழே எங்கோ' என்ற மேல்வரம்பு மட்டுமே இருக்கும். அவற்றை எறிந்தால் சராசரி ஏறும். சுழியம் என்று நிரப்பினால் இறங்கும். 1985இல் ஃபைகல்சனும் நெல்சனும், நோயாளிகள் எத்தனை நாள் உயிர்வாழ்கிறார்கள் என்று மருத்துவத்தில் கணக்கிடும் கப்லான்–மையர் முறையை இதற்குக் கொண்டுவந்தார்கள். பைத்தானில் லைஃப்லைன்ஸ் தொகுப்பில் அது தயாராக இருக்கிறது. ஆனால் அது எதிர்பார்ப்பது கீழ்வரம்பு. நம்மிடம் இருப்பதோ மேல்வரம்பு. ஆகவே எல்லா ஒளிர்திறன்களையும் ஒரு பெரிய எண்ணிலிருந்து கழித்துத் திருப்பிப் போட்டு, விடை வந்ததும் மறுபடி திருப்ப வேண்டும். இடதுபக்க வரம்புக்கான தேர்வும் அந்தத் தொகுப்பிலேயே உண்டு, அதைப் பயன்படுத்தினால் திருப்பும் வேலை மிச்சம்.